பூரிம் பணம்

அத்தியாயம் 14

யூத சமூக நிதியை நிர்வகிக்கும் மூவரின் கூட்டத்தில் மூன்று கைகளில் இரண்டு ஒரு பக்கம் உயர்ந்ததும், மூன்றாவது கைக்காரி சரீனா கைப்பையை எடுத்துக்கொண்டு கதவை அறைந்து சாத்தியதும் போன வாரக் கதை. கதவின் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனது கரை இல்லத்துக்குத்தான். இருபத்திரண்டு ஆண்டுகளாக நிதியிலிருந்து அதற்குப் போய்க்கொண்டிருந்த நன்கொடை இந்த ஆண்டு கிடையாது என்று முடிவாயிற்று. அடி தாங்காமல் வீட்டை விட்டு ஓடிவந்த பதினொரு பெண்கள், அவர்களுடைய பிள்ளைகள், எல்லாரும் மாதக் கடைசிக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி லூனா. நிதியின் தலைவர் நிசீம் நஹ்மியாஸின் ஒரே மகள்.

நிசீமுக்கு இது தெரியாது. மகள் கோர்தோபாவில் தோழி வீட்டில் ஓய்வெடுக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லி, சொல்லிச் சொல்லித் தானும் நம்பிவிட்டார். 'அது குடும்பங்களைப் பிரிக்கிற வீடு, அதற்கு ஒரு பெசோ போனாலும் நான் நிதிக்குத் தருவதை நிறுத்திவிடுவேன்' என்று சம்பந்தி அல்ஃபந்தாரி சொன்னபோது, பெரிய மனிதர் சொல்லுக்குத் தலையாட்டிவிட்டார். அந்தச் சம்பந்தியின் பிள்ளையிடமிருந்துதான் லூனா ஓடினாள். நீங்கள் பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்கிறது. நானும் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

விஷயம் தெரிந்தவள் நிசீமின் தங்கை சரீனா ஒருத்திதான். யாரிடமும் வாயைத் திறப்பதில்லை என்று லூனாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாள்.

இன்று பூரிம், எஸ்தர் ராணி தன் ஜனங்களைக் காப்பாற்றியதைக் கொண்டாடும் யூதப் பண்டிகை. அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரம் முழுக்க ஆற்றுப் புழுக்கம். சரீனா மருந்துக் கடையை அடைத்துவிட்டு, காலை எட்டு மணிக்கே பலகாரத் தட்டுகளை அடுக்க ஆரம்பித்துவிட்டாள். பூரிம் அன்று வேண்டியவர்களுக்குத் தட்டு அனுப்ப வேண்டும். கோபம் இருக்கிறது என்பதற்காகக் கபாய் வாத்தியாரை விட்டுவிட முடியாது. எதிர்ப்பக்கம் உயர்ந்த இரண்டாவது கை அவருடையது. முட்டையை மாவுக்கூண்டில் வைத்துச் சுட்ட ரொட்டிகளில் நன்றாக அடிப்பிடித்த ஒன்றைத் தேடி எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

மூன்று மாடி ஏறி மணியை அடித்தாள்.

"யாரு?"

"உங்களுக்குக் கை தூக்கத் தெரியாதுன்னு சொல்ல வந்தவ."

"அதை அன்னிக்கு அந்தக் கதவே சொல்லிடுச்சு. உள்ள வா."

கபாய்க்கு வயது எழுபத்து நான்கு. சமூகப் பள்ளியில் நாற்பது ஆண்டு வேதம் சொல்லிக் கொடுத்தவர். மதச் சட்டத்தில் கரை கண்டவர், சச்சரவில் காத தூரம் ஓடுகிறவர். தட்டைத் திறந்து பார்த்தார்.

"இது கருகியிருக்கே."

"தூக்கின கைக்கு அது போதும்."

அவர் சிரித்துவிட்டு அந்தக் கருகலையே பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். "என்னைத் திட்டு, கேட்டுக்கறேன். உங்க அண்ணன் கை மேல போனா என் கையும் தானா மேல போகுது. முப்பது வருஷப் பழக்கம்."

"அப்போ கையைக் கட்டிப் போட்டுட்டு வந்திருக்கணும்."

"இருந்திருக்கணும். ஆனா ஒண்ணு சொல்றேன், நேத்து சாயங்காலம் நிசீம் அடிச்ச கூத்துக்கு மட்டும் நான் உடந்தையா இருக்க மாட்டேன்."

"எந்தக் கூத்து?"

"நீயும் இருந்தியே! எஸ்தர் கதை படிச்சு முடிச்சதும் மேடையில ஏறி என்ன சொன்னான்? 'நம்ம இசிதோரோ அல்ஃபந்தாரி ஏழைகளுக்குப் பூரிம் பணமா இருபதாயிரம் டாலர் தர்றார்'னு சொன்னானா இல்லையா? சபை முழுக்க, கதைக்குன்னு கொண்டு வந்த கிலுகிலுப்பையை இவருக்கு ஆட்டிச்சு. அந்த ஆளு எழுந்து நின்னு நாலு பக்கமும் தலையை ஆட்டினாரு."

"அது முதியோர் இல்லத்துச் சுவருக்கு. அவர் பேரை வெண்கலத்துல பொறிச்சு மாட்டப் போறாங்க. ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரிஞ்சா? சபையில சொன்னது என்ன? சுவர்னு சொல்லியிருந்தா யாரு கைதட்டுவா? கைதட்டல் வேணும்னு பூரிம் பணம்னு சொல்லிட்டாங்க. சொல்லியாச்சு, முடிஞ்சுது. அதுல ஒரு செங்கல் வாங்க முடியாது. இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள அது ஏழை கையில போய்ச் சேரணும்."

சரீனா நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "எந்த ஏழை?"

"கையை நீட்டற ஏழை. வருஷம் பூரா நாம என்ன பண்றோம்? பதிவுச் சான்றிதழ் கொண்டா, தணிக்கை அறிக்கை கொண்டா, நிர்வாகி யாரு, அவ மாமன் யாருன்னு குடையறோம். இன்னிக்கு அது கிடையாது. நீட்டின கையில போடணும். நீ யாரு, எதுக்குன்னு வாயைத் திறந்து கேட்கக் கூடாது. இது நான் சொல்றதில்ல, சட்டம்."

சரீனா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு எழுந்து அவர் கையிலிருந்த மிச்ச ரொட்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இதைச் சாப்பிடாதீங்க வாத்தியாரே. நல்லதா வேற கொண்டு வரேன்."

"இரு, இரு. தலைகால் புரியாம ஓடாதே. வசூல் பண்ண ரெண்டு பேர் போதும், கொடுக்கறதுக்கு மூணு பேர் உட்கார்ந்திருக்கணும். உங்க அண்ணன் எழுந்து போயிட்டா, நீயும் நானும் அவன் வெச்சிருக்கற பண உறையைத் தொடக்கூட முடியாது."

"போக மாட்டான்."

"அவனை எனக்கு முப்பது வருஷமாத் தெரியும்" என்றார் கபாய்.

தெருவில் இறங்கியதும் சரீனா கரை இல்லத்துக்கு போன் செய்தாள். எடுத்தவள் அதை நடத்துகிற கிரசியேலா. நாலு மாதமாகச் சம்பளம் வாங்காமல் நடத்துகிறாள்.

"அஞ்சு மணிக்கு எங்க சங்கத்து மண்டபத்துக்கு வா. வந்து கையை நீட்டு. வேற ஒண்ணும் பேச வேண்டாம்."

"நான் ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறவ, சரீனா. உங்க பண்டிகையில நான் எங்கே வந்து கை நீட்டறது?"

"ஊர்ல இருக்கற எல்லா ஏழைக்கும் சேர்த்துத்தான் அது. ஏழைன்னு சொல்லிக்க உனக்கு வெட்கமா?"

"வெட்கமா! என் பர்ஸைத் திறந்து காட்டட்டுமா?"

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "அத்தையா? என்ன சொல்றாங்க?"

"லூனாகிட்டச் சொல்லாதே" என்றாள் சரீனா அவசரமாக. "அவ மாமனார் அங்கே இருப்பாரு. அவ வாசப்படி தாண்டக் கூடாது."

ஆனால் கிரசியேலாவின் போன் பழையது. அதில் பேசினால் பக்கத்து அறை வரைக்கும் கேட்கும்.

மாலை நாலு மணிக்கு மண்டபத்தில் இருநூறு பேர். பூரிம் என்றால் வேஷம். நிசீம் தங்கக் காகிதக் கிரீடம் வைத்துக்கொண்டு ராஜாவாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அல்ஃபந்தாரி கடற்படைத் தளபதி. தோளில் பொன் குஞ்சம், மார்பில் எட்டுப் பதக்கம். குளிர்பதனக் கிடங்கு வைத்திருப்பவர், அந்த உடுப்புக்குள் வியர்த்து வழிந்தார். சரீனா மருந்துக் கடையில் போடும் வெள்ளைக் கோட்டோடு வந்தாள்.

"என்ன சரீனா, வேஷம் போட மறந்துட்டியா?" என்று கேட்டார் அல்ஃபந்தாரி.

"போட்டவங்களே போதும்னு விட்டுட்டேன்."

அவர் அதைச் சிரிப்பாகவே எடுத்துக்கொண்டார். வாத்துக் கறி வந்தது, சோம்பு மது வந்தது, கரோக்கி வந்தது. சரீனா ஒன்றையும் தொடவில்லை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாக இரண்டு நிமிடம் இருக்கும்போது எழுந்து ஒரு கரண்டியால் கண்ணாடித் தம்ளரைத் தட்டினாள்.

"அண்ணா, நேத்து மேடையில சொன்ன பூரிம் பணத்தை எடுத்து மேசை மேல வை. பொழுது சாயப் போகுது."

நிசீமின் முகம் மாறியது. "அது... அது வேற விஷயம். அப்புறம் பேசலாம், உட்காரு."

"வேற விஷயம் இல்ல" என்றார் கபாய். இரண்டு தம்ளர் சோம்பு மது அவருக்கு நல்லதே செய்திருந்தது. "பூரிம் பணம்னு சபையில சொல்லியாச்சு. கை நீட்டறவங்களுக்குக் கொடுக்கணும். நிதியோட மூணு பேரும் இங்கேதான் இருக்கோம். எடு, நிசீம்."

மண்டபத்தில் பேச்சு அடங்கியது. யாரோ பாட்டை நிறுத்தினார்கள்.

"என்னய்யா இது?" அல்ஃபந்தாரி எழுந்தார். பதக்கங்கள் கிலுங்கின. "என் பணம் அது. சுவருக்குன்னு கொடுத்தேன்."

"சபையில அப்படிச் சொல்லலையே" என்றார் கபாய்.

"சொல்றது ஒண்ணு, செய்யறது ஒண்ணு. எல்லா இடத்துலயும் நடக்கறதுதானே?"

"அப்படின்னா நேத்து வாங்கின கைதட்டலைத் திருப்பிக் கொடுத்துட்டுப் பணத்தை எடுத்துட்டுப் போங்க" என்றாள் சரீனா.

மூலையில் ஒருவர் சிரித்துவிட்டார். சிரிப்பு இரண்டு மேசை தாண்டிப் பரவியது. அல்ஃபந்தாரியின் கழுத்து சிவந்தது. நிசீம் வேறு வழியில்லாமல் கோட்டுப் பையிலிருந்து தடித்த உறையை எடுத்து மேசை மேல் வைத்தார்.

அந்த நேரத்தில் சரீனாவின் போன் அடித்தது. கிரசியேலா. "வாசல்ல காவல்காரன் விட மாட்டேங்கறான். பேரு பட்டியல்ல இல்லையாம். பாஸ்போர்ட்டெல்லாம் கேட்கறான்."

சரீனா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். எங்கள் கட்டடங்களின் வாசலில் காவல் இல்லாத நாள் கிடையாது, பட்டியலில் இல்லாத ஆள் உள்ளே வந்ததும் கிடையாது. அத்தனையும் யோசித்தவள் இதை யோசிக்கவில்லை. "அண்ணா, வாசல்ல ஒரு பொண்ணு நிக்கறா. விடச் சொல்லு."

"யாரு?"

"கரை இல்லத்துக் கிரசியேலா."

அல்ஃபந்தாரிக்கு இப்போதுதான் முழுசாகப் புரிந்தது. பெரிதாகச் சிரித்தார். "அப்படிப் போகுதா கதை! பட்டியல்ல இல்லாதவங்களை உள்ள விடறதில்ல. அது பாதுகாப்பு விஷயம், அதுல யாருக்கும் சலுகை இல்ல. கை நீட்டறவங்களுக்குக் கொடுக்கலாம், நான் வேண்டாங்கலை. எங்கே கை? ஒண்ணையும் காணோமே?" பிறகு நிசீமின் காதருகே குனிந்தார். சரீனாவுக்கும் கேட்டது. "எழுந்து வீட்டுக்குப் போங்க சம்பந்தி. மூணு பேர் இல்லாம இவங்க உறையைப் பிரிக்க முடியாது. மத்ததை நாளைக்குப் பாத்துக்கலாம்."

நிசீம் எழுந்தார்.

"போறியா?" என்றாள் சரீனா. குரல் உடைந்தது, ஆத்திரத்தில். "போ. கிரீடத்தைக் கழட்டாமப் போ. ராஜா போறாருன்னு நாங்களும் எழுந்து நிக்கறோம். பதினொரு பொம்பளைங்க தெருவுக்குப் போகட்டும், உனக்கென்ன. உன் சுவர் நல்லா இருக்கட்டும்!"

"சரீனா, உனக்குப் புரியாது. நிதியில மூணுல ஒரு பங்கு இவர் பணம். இவர் நிறுத்திட்டா ஒன்பது அமைப்பு மூடணும். கண் தெரியாத பிள்ளைங்க பள்ளிக்கூடம், சோத்துக்கூடம்... நான் எதைன்னு பாக்கறது?"

அதில் பொய் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அவர் ராத்திரி தூங்காமல் போட்டுப் பார்த்த கணக்குத்தான் அது.

அவர் இரண்டு அடி வைத்திருப்பார். கதவு திறந்தது.

காவல்காரனுக்குப் பட்டியல் தேவைப்படாத முகம் இந்தக் கட்டடத்தில் ஒன்று உண்டு. ஆறு வயதிலிருந்து அந்த வாசலில் ஓடி விளையாடிய தலைவர் மகள். லூனா உள்ளே வந்தாள். தலைமயிரைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள். பாவாடை அவள் அளவில் இல்லை, இடுப்பில் ஊக்குக் குத்தி நிறுத்தியிருந்தது. இடது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு.

"ஐயோ, என்ன வேஷம்டி இது!" என்று வாசலோர மேசையில் ஒரு மாமி சிரித்தாள். லூனா அவளைத் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அது வேஷம் இல்லை என்பது ஒவ்வொரு மேசையாகப் புரிந்துகொண்டே வந்தது.

சரீனா வேண்டாம் என்று கையை ஆட்டினாள். வராதே என்று சொல்ல வாயெடுத்தாள். லூனா அத்தையைப் பார்க்கவில்லை. நேராக அப்பாவுக்கு எதிரே வந்து நின்று வலது கையை நீட்டினாள்.

"லூனா... நீ கோர்தோபாவுல..."

"கோர்தோபா இல்லப்பா. கரை இல்லம். அஞ்சு வாரமா அங்கேதான் இருக்கேன்."

"அங்கேயா? நீயா? கையில என்ன? யாரு இப்படி? எங்கிட்ட ஏன் ஒரு வார்த்தை..."

"அண்ணா" என்றாள் சரீனா. "இன்னிக்குக் கேள்வி கிடையாது."

நிசீம் மாவுக்கட்டைத் தொடக் கையை நீட்டி, தொடாமலே எடுத்துக்கொண்டார்.

"என் பேர்ல ஒரு பெசோ இல்லப்பா" என்றாள் லூனா. எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "இந்தப் பாவாடை பக்கத்துக் கட்டில்காரியோடது. செருப்பு கிரசியேலாவோடது. நான் ஏழை. கை நீட்டறேன். கொடுங்க."

"நாடகம்!" என்று கத்தினார் அல்ஃபந்தாரி. "என் வீட்டு மருமக இவ! மூணு வேலைக்காரி, கார், ஆத்தோரம் பங்களா. இவளுக்கு என்ன குறைச்சல்? இவ எப்படி ஏழை?"

"கேட்கக் கூடாதுன்னு சொன்னேனே" என்றார் கபாய். "அது உங்களுக்கும் சேர்த்துத்தான் தளபதி."

"வாங்கிட்டுப் போய் அந்த வீட்டுக்குத்தானே கொடுக்கப் போறா!"

"நீட்டின கை அதுக்கப்புறம் யாருக்குக் கொடுக்குதுங்கறது நம்ம வேலை இல்ல. நிசீம், நானும் சரீனாவும் உட்கார்ந்தாச்சு. மூணாவது ஆள் வேணும்."

நிசீம் மகளின் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து வாரமாக எந்த எண்ணத்தை உள்ளே விடாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாரோ, அது உள்ளே வந்துவிட்டது. அவர் கிரீடத்தைக் கழற்றினார். நாற்காலியை இழுத்து, வந்த இடத்திலேயே திரும்ப உட்கார்ந்தார். உறையை எடுத்துக் கபாயிடம் காட்டினார், தங்கையிடம் காட்டினார், மகளின் உள்ளங்கையில் வைத்து அவள் விரல்களை மூடினார். அழுதார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"ஒரே ஒரு கேள்வி..."

"நாளைக்கு" என்றாள் சரீனா.

"இனி என்கிட்டேர்ந்து ஒரு பெசோ வராது, நிசீம். உங்க ஒன்பது அமைப்பும் எப்படி ஓடுதுன்னு பாக்கறேன்." அல்ஃபந்தாரி இதைச் சொல்லிக்கொண்டே போனை எடுத்துவிட்டார். மண்டபத்தில் இருந்த அமைதியில் அவர் பேசியது கடைசி மேசை வரை கேட்டது. "தாரியோ? உன் பொண்டாட்டி இங்கே இருக்கா. சங்கத்து மண்டபம். உடனே கிளம்பி வா."

சரீனா லூனாவின் தோளைப் பிடித்தாள். "கிளம்பு. கிரசியேலா வெளியில வண்டியோட நிக்கறா. பத்து நிமிஷத்துல வந்துடுவான். சமையல்கட்டு வழியாப் போயிடலாம், வா!"

லூனா உறையை அத்தையின் வெள்ளைக் கோட்டுப் பைக்குள் திணித்தாள்.

"இதைக் கொண்டுபோய் கிரசியேலாகிட்டக் கொடுங்க அத்தை. அவ போகட்டும். நான் வரலை."

"பைத்தியமா உனக்கு?"

லூனா அப்பாவுக்குப் பக்கத்திலிருந்த நாற்காலியை ஒற்றைக் கையால் இழுத்துப் போட்டாள். உட்காரும் முன் மாமனாரை நிமிர்ந்து பார்த்தாள்.

"வரட்டும் மாமா. உங்க பிள்ளை நாலு பேர் முன்னாடி என்னைத் தொட்டதே இல்ல. எல்லாம் கதவைச் சாத்திட்டுத்தான். இங்கே கதவு திறந்திருக்கு, இருநூறு பேர் உட்கார்ந்திருக்கீங்க. வந்து இங்கே கையை ஓங்கட்டும், பாக்கறேன்."

அவள் உட்கார்ந்தாள். நிசீம் ஒரு தட்டை எடுத்து மகளுக்கு முன்னால் வைத்து, இரண்டு கரண்டி சோறு போட்டார். அவள் அதைச் சாப்பிட்டு முடிக்கும் முன் வெளியே ஒரு கார் வந்து நின்று கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மண்டபத்தில் ஒருவரும் எழுந்து போகவில்லை.